பழைய எம்.ஜி.பி. காருக்குக் கிளச் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு வீட்டு முற்றம். மாமரக் கிளையில் செயின் புளொக்கைக் கட்டி, இரண்டு தம்பிமார் ஒரு எம்.ஜி.பி.யின் இஞ்சினைத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தார்கள். இஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் மிச்சம். மூத்தவன் நீளமான போல்ட் ஒன்றை எடுத்தான். “கொஞ்சம்தானே அண்ணை, இறுக்கி இழுத்தாத் தானா வந்து ஒட்டும்” என்றான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதே வார்த்தையை என் இருபத்துமூன்றாவது வயதில் நானும் சொல்லியிருக்கிறேன்.

எம்.ஜி.பி. என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் நம் ஊரில் அரிது. ஆனால் அதன் 1798 சிசி இஞ்சின் நமக்கு அந்நியமில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் இருப்பதும் இதே பி சீரிஸ் குடும்பம்தான். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், மண்ணெண்ணெயில் அந்தக் கார்களை ஓட வைத்தவர்களிடம்தான் நான் தொழில் பழகினேன். அந்தக் கைப்பழக்கம் இங்கே நன்றாக உதவும். சில இடங்களில் அதுவே ஏமாற்றவும் செய்யும்.

பிளேட்டை மாறிப் போடாதீர்கள், எண்ணெய்க் கையால் தொடாதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

கிளச்தானா என்று பார்க்காமல் இஞ்சினைத் தூக்குவது

எம்.ஜி.பி.யில் கியர்பொக்ஸை மட்டும் கீழே இறக்க முடியாது. கிளச்சைத் தொட வேண்டுமானால் இஞ்சின் வெளியே வர வேண்டும். ஆகவே, கியர் உரசி விழுகிறது என்றால் முதலில் பெடலைப் பாருங்கள். பெடலையும், மேலிருந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் சின்ன ஊசி தேய்ந்து, அதன் துளை முட்டை வடிவாகியிருக்கும். அந்த ஒயிலை வாங்கிக் கிளச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கீழே இருக்கிறது, அதன் பக்கத்து ஊசியும் அப்படித்தான். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற அசைவு, கிளச் விடுபடத் தேவையான தூரத்தைத் தின்றுவிடும். ரப்பர் ஹோஸ் பழசாகி ஊதினாலும் இதே கதை.

கிளச் வழுக்குவது வேறு சங்கதி. யாழ்ப்பாணம் தட்டை நிலம். தேய்ந்த பிளேட் இங்கே மாதக்கணக்கில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஏ9 பாதையில் மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போதுதான் இஞ்சின் அலறும், கார் நகராது. வீட்டிலிருந்தே சோதிக்கலாம். வெறும் பாதையில், நாலாவது கியரில், குறைந்த வேகத்தில் போய்க்கொண்டே அக்சிலேற்றரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் இஞ்சின் சுற்று மட்டும் ஏறினால் பிளேட் முடிந்துவிட்டது.

பலமான கிளச்தான் நல்லது என்று நினைப்பது

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில், பந்தயக் காருக்கானதைத் தேடுகிறார்கள். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விசை கிராங்க் ஷாஃப்டை முன்னுக்குத் தள்ளுகிறது. தாங்குவது நடு பெயரிங்கில் உள்ள மெல்லிய த்ரஸ்ட் வொஷர்கள். இஞ்சினின் பலத்தைக் கூட்டாமல் ஓடும் காருக்குப் பழைய அளவான 8 அங்குலக் கிளச்சே போதும். நல்ல புது செட் போட்டாலே, தேய்ந்ததை ஓட்டிப் பழகியவருக்கு வேறு கார் மாதிரித் தெரியும். ஏற்கெனவே வொஷர் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் இஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரமான புலியைக் (pulley) கவனிக்கட்டும். அது கண்ணுக்குத் தெரிய முன்பின் அசைந்தால், கிளச்சுக்கு முன் அந்த வேலை.

போல்ட்டால் இழுத்துச் சேர்ப்பது

இதைப் பற்றித்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

கியர்பொக்ஸிலிருந்து நீட்டி நிற்கும் ஷாஃப்ட், முதலில் கிளச் பிளேட்டின் நடுப்பல்லுக்குள் போக வேண்டும். பிறகு அதன் நுனி, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உள்ள சின்ன வெண்கலப் புஷ்ஷுக்குள் போக வேண்டும். இஞ்சின் செயினில் கொஞ்சம் சரிந்து தொங்கினாலே, நுனி புஷ்ஷின் வாயில் முட்டி நிற்கும். அந்த ஒரு விரல் இடைவெளிக்குக் காரணம் அதுதான். ‘எங்கேயோ முட்டுகிறேன்’ என்று இஞ்சின் சொல்கிறது. சாதாரண ஸ்பனரால் இறுக்கும் போல்ட்கூடப் பல நூறு கிலோ பாரத்துக்குச் சமமாக இழுக்கும். அவ்வளவும் போய் விழுவது, ரிவெட்டில் நிற்கும் ஒரு மெல்லிய தகட்டின் நடுவில்.

அந்த இருபத்துமூன்று வயதில் நான் இழுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். காரை ஸ்ராட் பண்ணினால் ரிவேர்ஸ் கியர் கத்துகிறது, முதல் கியர் விழ மறுக்கிறது. 1967 கடைசியில் புது மாதிரி வரும்வரை எம்.ஜி.பி.யின் முதல் கியருக்கு, உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ கிடையாது. இது அதற்கு முந்திய கார். அதனால் கியர்பொக்ஸ் பழசு, அப்படித்தான் கத்தும் என்று நினைத்தேன். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் மாற்றினேன், ஸ்லேவ் மாற்றினேன், நாலு தடவை காற்று எடுத்தேன். இரண்டு கிழமை போனது. கடைசியில் இஞ்சினைத் திரும்பத் தூக்கிப் பார்த்தால், பிளேட்டின் நடு வளைந்திருக்கிறது, புஷ்ஷின் வாய் நசிந்திருக்கிறது, அலுமினியப் பெல் ஹவுசிங்கின் ஒரு காது வெடித்திருக்கிறது.

கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடியும் அந்த பிளேட் கிடைக்கவில்லை. நான் வளைத்த முதல் பிளேட் வந்தது, காரின் சொந்தக்காரரின் தங்கச்சி நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்தபோது அவவின் பெட்டியில். அடுத்தது அடுத்த வருடத் திருவிழாவுக்குத்தான் வந்தது. அதுவரை கார் கிடுகுக் கொட்டிலுக்குள் கிடந்தது. அந்த மனிதர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. இன்றைக்கும் யாராவது “எல்லாரும் இழுத்துத்தானே பூட்டுறவை” என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, எப்படிச் செய்வது? முடிந்தால் இஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்தே வெளியே எடுங்கள். நிலத்தில் வைத்துப் பூட்டுவது எவ்வளவோ சுலபம். பிரஷர் பிளேட்டை இறுக்கும்போது பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு டம்மி ஷாஃப்ட் வேண்டும். பழைய கியர்பொக்ஸ் ஷாஃப்ட் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் லேத்காரரிடம் அளவு கொடுத்து மரத்தில் கடைந்து வாங்குங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச்சுற்று அரைச்சுற்றாக இறுக்குங்கள். இறுக்கி முடிந்த பிறகும் டம்மி விரலால் வழுக்கி வெளியே வர வேண்டும்.

காருக்குள் வைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்றால், கியர்பொக்ஸுக்குக் கீழே ஜக் கொடுத்து இரண்டையும் ஒரே சரிவுக்குக் கொண்டு வாருங்கள். கியரில் போட்டுவிட்டு, முன் புலியின் நட்டில் ஸ்பனர் வைத்துக் கிராங்கை மெல்லச் சுற்றினால் பல் பொருந்தும். இஞ்சினைக் கையால் ஆட்டி ஆட்டித் தள்ளுங்கள். கடைசி வரைக்கும் கையாலேயே மூட வேண்டும். மூடவில்லை என்றால் வெளியே எடுத்துப் பாருங்கள். கோண்டாவில் தம்பிமாரும் அப்படித்தான் எடுத்துப் பார்த்தார்கள். இஞ்சினின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது, வேறொன்றுமில்லை. செயினை மாற்றிக் கொழுவியதும் பத்து நிமிடத்தில் சேர்ந்துவிட்டது.

புஷ்ஷை எண்ணெயில் ஊறவைக்காமல் போடுவது

அது வெண்கலத் தூளை அழுத்திச் செய்தது, எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். இரவு முழுக்க இஞ்சின் ஒயிலில் ஊறப் போடுங்கள். அவசரமென்றால் உள்ளே எண்ணெய் நிரப்பி, இரு பக்கமும் பெருவிரலால் அடைத்து அழுத்துங்கள். வெளிப்பக்கம் வியர்க்கும்.

பின் சீலை மறப்பது

கேம்பிரிட்ஜில் பழகிய கை ஏமாறும் இடம் இது. அந்த மூன்று பெயரிங் இஞ்சினில் பின்னால் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் சீலே கிடையாது. 1964 கடைசிக்குப் பிறகு வந்த எம்.ஜி.பி.யின் ஐந்து பெயரிங் இஞ்சினில் உண்டு. பிளைவீல் கழன்றிருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

கிளச் பெடலில் கால் வைத்து ஓட்டுவது

எம்.ஜி.பி.யில் பெடலை மிதிக்கும்போது கிளச்சைத் தள்ளும் ரிலீஸ் பெயரிங் வெறும் கரி வளையம், கால் வைத்தே ஓட்டினால் தேய்ந்துவிடும். காலை எடுங்கள்.

மேலிருந்து காற்று எடுக்கப் போராடுவது

பெடலை எத்தனை தரம் மிதித்தாலும் கிளச் குழாய்க்குள் இருக்கும் காற்று மேலேதான் ஏறப் பார்க்கும். சுத்தமான எண்ணெய்க் கேனில் டொட் 4 பிரேக் ஒயில் நிரப்பி, ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் குழாய் மாட்டிக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். அதற்கு முன் மேலே டாங்கியில் உள்ளதைப் பாதிக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் வழியும். பெயின்ற்றில் பட்டால் துடைத்துவிட்டுப் போகாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விட்டால் உரிந்துவிடும்.