மானாவாரி நிலத்தில் தாளை எரிக்காதீர்கள்

அறுவடை முடிந்ததும் வயலில் மிஞ்சும் பயிர்த் தண்டையும் சருகையும், அதாவது தாளை, எரித்து, நிலத்தைப் புரட்டி உழுவதுதான் பலருக்கும் வழக்கம். மானாவாரி நிலத்தில் அதை நிறுத்திப் பாருங்கள். விதைத்த பிறகும் குறைந்தது 30 சதவீத நிலத்தைத் தாள் மூடியிருந்தால்தான் அது மண்ணையும் ஈரத்தையும் காக்கும் ‘பாதுகாப்பு உழவு’. அந்த மூடாக்கை விலக்கி விரலால் கிளறினால் அடியில் ஈரம் தட்டுப்படும். பக்கத்து வெற்று மண்ணோ மழைத்துளி அடித்து ஏடு கட்டி இறுகியிருக்கும். மண்புழுத் துளைகள் உழவில் சிதையாததால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். மேல்மண்ணில் மட்கு (மக்கிய தாவரப் பொருள்) மெதுவாகத்தான் கூடும், சில வருஷம் பொறுக்க வேண்டும்.

சரி, களை? முதல் சில பருவங்களில் அதிகமாகவே வரலாம், விடாமல் எடுங்கள். அடிமண் ஏற்கெனவே கெட்டிப்பட்டிருந்தால், தொடங்குமுன் மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையை ஒரே ஒரு முறை ஓட்டிவிடுங்கள். அப்புறம் ஈரமண்ணில் டிராக்டரை இறக்காதீர்கள்.