ஃபோம் கவசம் செய்யப் போகிறீர்களா? முதலில் உட்கார்ந்து பாருங்கள்

காமிக் கானுக்கு, அதாவது காமிக்ஸ், சினிமா பாத்திரங்களாக வேடமிட்டு ரசிகர்கள் கூடும் விழாவுக்கு, நான் செய்த முதல் அயர்ன் மேன் கவசத்துக்கு மூன்று மாதம் பிடித்தது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியவந்தது நிகழ்ச்சி அன்று காலையில், ஆட்டோவில் ஏறும்போதுதான். வயிற்றுத் தகடு நேராகப் போய்த் தொடைக் கவசத்தில் இடிக்கிறது, குனிந்தால் மார்புத் தகடு மேலே ஏறித் தாடையை முட்டுகிறது, ஆட்டோக்காரர் ரோட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் பாதியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாதி இரும்பு மனிதனாக நந்தம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன்.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்தில் இருக்கும் சென்னை வர்த்தக மையத்தில் ஊரின் முதல் காமிக் கான் நடந்ததிலிருந்து, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எங்கே ஆரம்பிப்பது என்பதைவிட எங்கே சறுக்கும் என்று சொல்வது எனக்குச் சுலபம், ஏனென்றால் எல்லா இடத்திலும் சறுக்கியிருக்கிறேன். அலமாரியில் வைக்கப்போகும் பொம்மை மாதிரி நினைத்துக்கொண்டு கவசத்தைச் செய்கிறோம். எட்டு மணி நேரம் அதற்குள்ளேயே நடக்க வேண்டும், படியேற வேண்டும், சாப்பிட வேண்டும், பாத்ரூம் போக வேண்டும் என்பது மறந்துபோகிறது. கீழே சொல்வதில் முக்கால்வாசி அந்த ஒரு மறதியிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஃபோம். கடையில் போய் வெறுமனே ஃபோம் என்று கேட்டால் சோபாவுக்கு வைக்கிற பஞ்சு வரும், இல்லாவிட்டால் டிவி பெட்டிக்குள் சுற்றி வருகிற வெள்ளை ஷீட் வரும். இரண்டும் ஆகாது. நமக்கு வேண்டியது ஈ.வி.ஏ., அதாவது செருப்புக்கு அடியில் போடுவது, ஜிம் தரையில் ஒன்றோடொன்று கோத்து விரிக்கிற பாயில் இருப்பது. சென்னைக்காரர்கள் பெரியமேடு பக்கம் தோல், செருப்பு சாமான் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். குழந்தைகள் விளையாட விரிக்கும் மலிவான பாயை வாங்கி ஏமாறுவதுதான் வழக்கமான முதல் தவறு. அது பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சூடு காட்டினால் வடிவம் நிற்காது, விரல் பட்ட இடமெல்லாம் குழி விழும். இதற்கு ஒரு சோதனை உண்டு: தராசில் வையுங்கள். கவசத்துக்குத் தோதான ஃபோம் கனமீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். அந்தக் கணக்கில் 2 அடிக்கு 2 அடி, 10 மி.மீ. ஷீட் ஒன்று கிட்டத்தட்ட 370 கிராம் வரவேண்டும். 200 கிராம்கூட இல்லை என்றால் காசு கொடுத்துக் காற்றை வாங்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

கவசத்தின் பெரும்பகுதிக்கு 5 அல்லது 6 மி.மீ. போதும். மார்பு, தோள் மாதிரி விறைப்பாக நிற்க வேண்டியதற்கு மட்டும் 10, மேலே ஒட்டும் கோடு, பட்டை அலங்காரத்துக்கு 2. கெட்டியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் 10-இல் செய்தால் முழங்கை மடங்காது. அப்புறம், தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். ரப்பர் பசை பட்டதும் அது குழிந்து கரைந்துபோவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும், உங்களுடையதாக இல்லாதவரை.

அடுத்தது அளவு. பாதிப் பேர் சிக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெப்பகுரா என்று ஒரு ஜப்பானிய மென்பொருள் இருக்கிறது, முப்பரிமாண உருவத்தை விரித்துக் காகித அச்சுகளாகக் கொடுக்கும். இணையத்தில் கிடைக்கும் அச்சுகளை இறக்கி, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிரின்ட் எடுப்போம். அங்கே ‘பக்கத்துக்குப் பொருந்தும்படி’ என்பது தானாகவே தேர்வாகியிருக்கும், எல்லாம் சில சதவீதம் சுருங்கி வரும், நமக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு பக்கத்திலும் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டு வைத்து, பிரின்ட் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். உயரத்தை மட்டும் கணக்கில் கொண்டு மொத்த உருவத்தையும் ஒரே விகிதத்தில் குறைப்பதும் தவறு. ஐந்தரை அடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் தலை அப்படியொன்றும் வித்தியாசப்படாது, வயிறு எப்படி வேண்டுமானாலும் வித்தியாசப்படும். தலை, மார்பு, முன்கை, தொடை என ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து மாற்றுங்கள்.

அதிலும் ஃபோமின் தடிமன் இருக்கிறதே, அது சத்தமில்லாமல் கழுத்தறுக்கும். முன்கையின் சுற்றளவு 28 செ.மீ. என்றால் 28 செ.மீ. அகலத்துக்கு வெட்டிச் சுருட்டினால் சரியாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சுருட்டும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் விரியும். 10 மி.மீ. ஃபோமில் உள்ளே உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 25 செ.மீ.தான். தடிமனை மூன்றேகால் மடங்காக்கி அதைச் சேர்த்து வெட்டுங்கள், அதற்கு மேல் உள்ளே போடும் முழுக்கை பனியனுக்கும் காற்றுக்கும் ஒரு விரல் இடம் விடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. வளையல் வாங்குகிறவர்கள் மணிக்கட்டை அளப்பதில்லை, கையைக் குவித்து முட்டி நுழைகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நாமோ மணிக்கட்டுக்குக் கச்சிதமாகச் செய்துவிட்டு, கையை எந்த வழியாக நுழைப்பது என்று அப்புறம் யோசிக்கிறோம்.

அச்சை நம்ப மனமில்லை என்றால் உங்கள் உடம்பையே அச்சாக்குங்கள். கையில் பிளாஸ்டிக் கிளிங் தாளைச் சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடி, எங்கெங்கே பிரிக்க வேண்டுமோ அங்கே மார்க்கரால் கோடு வரைந்து, வீட்டில் யாரையாவது கத்தரிக்கச் சொல்லி எடுத்து விரித்தால், உங்கள் கை தட்டையாகக் கிடைத்துவிடும். கோடுகளுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் குறிகள் போட மறக்காதீர்கள். குறி இல்லாவிட்டால் எந்த ஓரம் எதோடு சேரும் என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இடது தோளுக்கு வெட்டிய காகிதத்தைத் திருப்பிப் போட்டுத்தான் வலது தோளுக்கு வெட்ட வேண்டும். சிரிக்காதீர்கள், என்னிடம் இரண்டு இடது தோள்கள் இருக்கின்றன. பாய் ஃபோம் என்றால் வரிவரியாக இருக்கும் பக்கம் உள்ளே போக வேண்டும், அதனால் வெட்டிய பிறகு திருப்பிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோம் மெத்தென்று இருக்கிறது, பிளேடு எங்கே மழுங்கப்போகிறது என்று நினைப்போம், ஆனால் சீக்கிரமே மழுங்கிவிடும். வெட்டிய ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தால் கட்டரின் நுனியை ஒடித்துவிட்டுப் புது நுனிக்குப் போங்கள். ஒரே அழுத்தாக அழுத்தாமல் இரண்டு மூன்று இழுப்பில் வெட்டினால் ஓரம் நேராக நிற்கும்.

பசையில் எல்லோருக்கும் எதிரி அவசரம்தான். வெள்ளைப் பசை ஃபோமையும் ஃபோமையும் பிடிக்காது. பசைக்குச்சியை உருக்கி விடும் குளூ கன் உடனே பிடிக்கும், ஆனால் ஒட்டு மேடாகத் தெரியும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் இளகிப் பிரிந்தும்விடும். தச்சர்கள் மைக்கா ஒட்டவும், செருப்புத் தைப்பவர்கள் அடிப்பாகம் ஒட்டவும் எடுக்கிற ரப்பர் பசைதான் இதற்குச் சரி. அதை இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகத் தடவி, ஐந்து பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். விரல் நுனியால் தொட்டால் பிசுபிசுக்கும், ஆனால் விரலில் ஒட்டி வராது. அந்தப் பதம் வந்தபிறகுதான் சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்து அமுக்கினால் வழுக்கிக்கொண்டே போகும், நாமும் பசை சரியில்லை என்று இன்னும் நாலு சுற்றுத் தடவுவோம். பதத்தில் சேர்த்தால் தொட்ட இடம் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் ஒரு முனையிலிருந்து குறிக்குக் குறி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டு வாருங்கள். இந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், சட்டென்று தீயும் பிடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு ஒட்டுகிற ஆசாமிகளையும் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெருப்பு என்று எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

சூடு காட்டுவதற்குக் கொதிக்கும் காற்றை ஊதும் ஹீட் கன் வேண்டும், முடி காயவைக்கும் டிரையருக்கு அந்தத் தெம்பு கிடையாது. வளைக்க வேண்டியதை ஒட்டுவதற்கு முன்பே வளைத்துவிடுங்கள். தட்டையான துண்டைச் சூடுகாட்டி, தொடை மேலோ குடத்தின் மேலோ வைத்து, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் அந்த வளைவு அப்படியே நிற்கும் (தொடை என்றால் நடுவில் ஒரு தடித்த துண்டு போட்டுக்கொள்ளுங்கள்). ஒட்டிய பிறகு ஓங்கிச் சூடு காட்டினால் ஒட்டு பிரியும். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் முழுக்க ஒருமுறை சூடு ஓட்ட வேண்டும், மேல்பரப்பில் லேசான பளபளப்பு வந்தால் துளைகள் அடைந்துவிட்டன என்று பொருள். இதை விட்டுவிட்டால் ஃபோம் பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நின்றால் கொப்புளம் வரும், அதற்கு மருந்து கிடையாது.

ஒட்டின் இடுக்கை நிரப்ப, கையில் கிடைத்தது என்று சிலிக்கான் சீலன்டை வைத்துவிடாதீர்கள். அதன் மேல் பெயின்ட் நிற்காது, கவசம் முழுக்க வெள்ளைக் கோடு தெரியும். பெயின்டர்கள் சுவர் விரிசலுக்கு வைக்கும் அக்ரிலிக் சீலன்டைக் கேட்டு வாங்குங்கள், ஈரவிரலால் தடவினால் வழுவழுப்பாகிவிடும்.

இப்போது, பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நிறுத்துங்கள். எல்லாத் துண்டையும் டேப் போட்டாவது உடம்பில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள், சம்மணம் போடப் பாருங்கள், மாடிப்படி ஏறுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். தோள்தகடு ஹெல்மெட்டை இடிக்கிறதா, தொடைத் தகடு ஒன்றையொன்று உரசுகிறதா என்று இப்போதே தெரிந்துவிடும். உரசும் இடத்தில் அரை அங்குலம் சீவி எடுக்க இப்போது ஐந்து நிமிடம், பெயின்ட் அடித்த பிறகென்றால் ஒரு வாரம். நம் கட்டைக்கூத்துக் கலைஞர்களைப் பாருங்கள். லேசான மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், தோள்கட்டை, மார்புக்கட்டை எல்லாவற்றையும் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு விடிய விடிய சுழன்று ஆடுகிறார்கள், ஒன்றும் நழுவுவதில்லை. கூத்துக்கே பெயர் கொடுத்தது அந்தக் கட்டைகள்தான். எதை எங்கே கட்டினால் உடம்பு அசையும் என்பதற்கு அவர்களைவிடப் பெரிய வாத்தியார் நமக்குக் கிடைக்கப்போவதில்லை.

கட்டுவது என்றதும் எல்லோரும் பின்பக்கம் பசையுள்ள வெல்க்ரோவைத்தான் வாங்குவார்கள். வியர்வை பட்டதும் அது உரிந்து வந்துவிடும், அதுவும் சரியாக யாரோ போட்டோ எடுக்கும்போது. பை தைக்கும் கடைகளில் நைலான் பட்டையும் பிளாஸ்டிக் கிளிப்பும் கிடைக்கும். பட்டையின் முனையை ஃபோமில் ரப்பர் பசையால் ஒட்டி, அதன் மேல் இன்னொரு ஃபோம் துண்டை ஒட்டி மூடிவிடுங்கள். தோளை மார்புத் தகட்டோடு எலாஸ்டிக்கில் தொங்க விட்டால் கை தாராளமாகத் தூக்கலாம்.

பெயின்டில் மூன்றே விஷயம். வளையும் இடத்தில் விறைப்பான பெயின்டை நேரடியாக அடித்தால் வெடிக்கும், அடியில் ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கும் பூச்சு வேண்டும். தங்கம், வெள்ளி நிறங்களுக்கு அடியில் கறுப்பு அடித்தால்தான் உலோகம் மாதிரித் தெரியும். மேலே அடிக்கும் ‘கிளியர் கோட்’ என்ற நிறமில்லாத பூச்சை மீந்த ஃபோம் துண்டில் அடித்துப் பார்த்த பிறகே கவசத்தில் அடியுங்கள், சில பெயின்டுகள் ஒன்றோடொன்று சேராமல் சுருங்கித் தோல் மாதிரி ஆகிவிடும். பிப்ரவரி நிகழ்ச்சிக்கு மார்கழியில் மொட்டை மாடியில் ஸ்பிரே அடிப்பவர்கள் பனி இறங்கும் நேரத்தைத் தவிர்த்து நல்ல வெயில் ஏறியபின் அடியுங்கள், ஈரக்காற்றில் பெயின்ட் வெள்ளை பூத்துப்போகும்.

ஹெல்மெட்டுக்குள் சின்ன யு.எஸ்.பி. விசிறி ஒன்று வைக்காமல் சென்னையில் நிற்கவே முடியாது. ஸ்ட்ரா நுழையும் அளவுக்கு வாய்ப்பக்கம் வழி விடுங்கள். ரிச்சி தெருவில் எல்.இ.டி. வாங்கி நெஞ்சில் பொருத்துகிறவர்கள் வெற்று லித்தியம் பேட்டரியை உடம்பை ஒட்டி வைக்காமல் ஒரு சின்ன பவர் பேங்க்கை இடுப்பில் செருகிக்கொள்வது உத்தமம், வியர்வையும் வயரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பையில் ஃபெவிக்விக், டேப், கத்தரிக்கோல், கூட வர ஒரு நண்பர். முதுகுக் கிளிப்பை நாமே போட்டுக்கொள்ள முடியாது.

முதல் தடவையே முழுக் கவசத்தில் இறங்குவதும் ஒரு தவறுதான், நான் அதைத்தான் செய்தேன். ஒரு கையில் ஆரம்பியுங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிக்கு வேண்டியது வலதுகை ஒன்றுதான். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும், மீதிக் கவசத்துக்குச் செலவே இல்லை. ஒரு கையில் அளவு, வெட்டு, சூடு, பசை, விரல் மடக்கு, பெயின்ட் எல்லாமே வந்துவிடும். போன மாதம் அப்படி ஒன்று செய்து, வெள்ளி பெயின்ட் காயட்டும் என்று மாடிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். துணி எடுக்க வந்த கீழ்வீட்டுப் பெரியவர், எழுபது வயது இருக்கும், கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, “மாயாவி கைதானே தம்பி, காஞ்சிடுச்சா?” என்று கேட்டார். காய்ந்திருந்தது. மாட்டிக்கொண்டவர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தபடி நின்றார். துணியை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.