டிரைவரைத் திட்டும் முன்: லினக்ஸ் வயர்டு நெட்வொர்க் தவறுகள்

கேபிள் செருகியிருக்கிறதா, ஸ்விட்சுக்கு கரண்ட் வருகிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் புதியவர்கள் போய் விழும் குழிகள் இவை. நாமெல்லாம் விழுந்து எழுந்தவைதான்.

வேகத்தைக் கையால் பூட்டுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கார்டும் கிகாபிட், ஸ்விட்சும் கிகாபிட். ஆனால் லிங்க் அடிக்கடி விழுந்து எழுகிறது, எத்டூல் (கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை) 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. உடனே ஆட்டோநெகோஷியேஷனை (இரு முனைகளும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்துகொள்வது) அணைத்து '100, ஃபுல் டூப்ளெக்ஸ்' (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) என்று பூட்டிவிடுகிறார்கள். எதிர்முனை ஸ்விட்ச் இன்னும் ஆட்டோவில்தான் இருக்கிறது. பேச ஆள் கிடைக்காததால், அது வேகத்தை மட்டும் கண்டுகொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். பிங் அழகாகப் போகும்; பெரிய ஃபைலை நகலெடுத்தால் ஊர்ந்து போகும். உங்கள் பக்கம் சிஆர்சி பிழைகள் (சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) ஏறும், ஸ்விட்ச் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாக நடக்கும் மோதல்). இதை ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் வேறு எழுதிவைத்து மறந்துவிட்டால், அடுத்த ஸ்விட்ச் வரும்போதும் அதே கூத்து.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் கேபிள். 100 எம்பிபிஎஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எத்டூலில் எதிர்முனை 1000 தரத் தயார் என்று அறிவித்திருந்தும் வேகம் 100-இல் நின்றால், சந்தேகம் மற்ற நான்கின் மேல் விழ வேண்டும். டிமெசெக்கில் (கெர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) 'டவுன்ஷிஃப்ட்', அதாவது வேகத்தைக் குறைத்துக்கொண்டது, என்ற வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி முனைவரை போகாமல் பாதியில் நிற்கும். கேபிளை மாற்றுங்கள், ஆட்டோநெகோஷியேஷனை மறுபடி ஆன் செய்யுங்கள். தாமிரக் கம்பியில் ஓடும் கிகாபிட்டுக்கு அது இல்லாமல் முடியாது.

'லிங்க் இல்லை' என்பதை அப்படியே நம்புவது

இன்டர்ஃபேஸ் (லினக்ஸ் பார்வையில் அந்தக் கார்டு) டவுனில், அதாவது அணைந்து, இருக்கும்போது பல டிரைவர்கள் போர்ட்டையே தூங்கவைத்துவிடும். 'ஐபி லிங்க் செட்' கொடுத்து அப் செய்து, சில விநாடி பொறுத்துப் பாருங்கள்.

ரியல்டெக் என்றதும் ஆர்8168-ஐக் கம்பைல் செய்வது

ஆர்8168 என்பது ரியல்டெக் நிறுவனம் தனியாகத் தரும் டிரைவர். ஆனால் அதன் 8111, 8168 நெட்வொர்க் சிப்புகளைக் கெர்னலோடு வரும் ஆர்8169 டிரைவரே பார்த்துக்கொள்ளும். டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது டிரைவரைத் தானாக மறுபடி கம்பைல் செய்யும் கருவி) இல்லாமல் கையால் ஏற்றிய டிரைவர் அடுத்த கெர்னல் அப்டேட்டில் காணாமல் போகும்; திரும்ப இறக்கிக்கொள்ள நெட்டும் இருக்காது. முதலில் 'எல்எஸ்பிசிஐ -k' கட்டளையில் எந்த டிரைவர் ஓடுகிறது என்று பாருங்கள். டிமெசெக் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) இல்லை என்று சொன்னால் அந்தப் பேக்கேஜைப் போடுங்கள்.

பழைய குறிப்பைப் பார்த்து ஈத்0 என்று எழுதுவது

ஈத்0 என்பது இன்டர்ஃபேஸின் பழைய பாணிப் பெயர்; உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம். 'ஐபி லிங்க்' கட்டளை காட்டும் பெயரை எழுதுங்கள்.

விண்டோஸிலிருந்து நேரே லினக்ஸுக்கு வருவது

விண்டோஸை முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் விடும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை விண்டோஸில் அணையுங்கள்; இல்லையென்றால் கார்டு தூங்கிய நிலையிலேயே லினக்ஸுக்கு வந்து சேரலாம்.