குளியலறைத் தட்டில் கெட்டுப்போகும் கிரீம்கள்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டப்பாவின் அடியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, அதுவரை கவலையில்லை என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அந்தத் தேதி மூடி திறக்காத பொருளுக்கு உரியது. அதுவும் ஒழுங்கான இடத்தில் வைத்திருந்தால் மட்டுமே. திறந்த அன்றிலிருந்து வேறு கணக்கு தொடங்குகிறது. பல பொருள்களின் உறையில், மூடி திறந்த ஒரு டப்பாவின் சிறிய படமும் அதில் 6 எம் அல்லது 12 எம் என்ற குறியும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். திறந்த நாளை நாமே பேனாவால் டப்பாவின் அடியில் எழுதி வைக்காவிட்டால், அந்தக் குறியால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது வைக்கும் இடம். முகம் கழுவும் இடத்திலேயே எல்லாம் கைக்கெட்ட வேண்டும் என்று குளியலறைக் கண்ணாடியின் கீழ்த்தட்டில் அடுக்கிவிடுகிறோம். வெந்நீர் ஆவி, ஈரம், ஜன்னல் வெளிச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்து தாக்கும் இடம் அது. எங்கள் வீட்டில் அப்படி வைத்திருந்த வைட்டமின் சி சீரம், வாங்கும்போது தண்ணீர்போல் நிறமற்று இருந்தது; இரண்டே மாதத்தில் காப்பி டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. அதிலுள்ள வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், காற்றுடன் வினைபுரிந்து சிதைவதால்தான் இந்த நிறமாற்றம் ஏற்படுகிறது. வெப்பமும் ஒளியும் அதை விரைவுபடுத்துகின்றன. சில சீரங்கள் முதலிலேயே இளமஞ்சளாக இருக்கும் என்பதால், வாங்கிய அன்று இருந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. முகச் சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினாலும் இதே குணமுடையது. அதைக் கருநிறப் புட்டியிலோ உலோகக் குழாயிலோ அடைத்துத் தருவது அழகுக்காக அல்ல. அதை எடுத்துக் கண்ணாடிச் சிமிழில் மாற்றி வைப்பவர்கள் தேதியையும் பாதுகாப்பையும் ஒருசேர இழக்கிறார்கள். படுக்கையறை அலமாரியின் உள்தட்டே இவற்றுக்கு ஏற்ற இடம். ஆனால் மாலை வெயில் ஏறும் மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியாக அது இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்வது தண்ணீர் என்பேன். முகம் கழுவும் ஜெல்லோ ஷாம்புவோ தீரும் தறுவாயில் புட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைக்கும் பழக்கம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? சிக்கனம் நல்லதுதான். ஆனால் அந்தப் பொருளைக் கெடாமல் காக்கும் வேதிப்பொருள், குறிப்பிட்ட அடர்த்தியில் இருந்தால்தான் வேலை செய்யும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்ந்ததும் அதன் அடர்த்தியும் பாதியாகிவிடும். தொட்டித் தண்ணீரில் வந்த பாக்டீரியாக்கள் அங்கே தாராளமாகப் பெருகலாம். தண்ணீர் விட்டால் அன்றே தீர்த்துவிடுங்கள். முகம் கழுவிய கையோடு கிரீம் டப்பாவுக்குள் ஈர விரலை விடுவதும் இதே வகைத் தவறுதான். துடைத்துக் காயவைத்த சிறு கரண்டியால் எடுக்கலாம், அல்லது வாங்கும்போதே டியூப், பம்ப் வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

வீட்டில் அரைக்கும் நலங்கு மாவுக்கும் இந்த விதி பொருந்தும். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் சருகாகக் காய்ந்திருக்கும்வரை அதற்கு வேறு காவல் தேவையில்லை. ஈரக் கை ஒருமுறை உள்ளே போய்விட்டால் மாவு கட்டிதட்டும். பிறகு பூஞ்சை பிடிக்கும். மொத்த மாவையும் இறுக்கமான டப்பாவில் வெளியே வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் குளியலறைக்கு எடுத்துச் செல்வதே சரி. குழைத்த மாவையும் மடலிலிருந்து வழித்த கற்றாழைச் சோற்றையும் அந்த வேளைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாமே என்று தோன்றும். சீரத்துக்கும் ஜெல்லுக்கும் அது ஒத்துவரும். எண்ணெயும் நீரும் கலந்த கெட்டியான கிரீம்களோ, குளிரிலும் சூட்டிலும் மாறிமாறிப் பட்டால் பிரிந்து நீர்விடக்கூடும். (மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று, ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு.)

ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலும் காரின் முன்தட்டிலும் சன்ஸ்கிரீனை விட்டுவைப்பவர்கள் பலர். கத்திரி வெயிலில் அங்கே ஏறும் சூட்டில் அதன் காப்புத்திறன் குறையலாம். வெளிப்பார்வைக்கு அது தெரியாமலும் போகலாம் என்பதுதான் சிக்கல். பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடில் இன்னும் கவனம் தேவை. வெப்பத்தில் அது சிதைந்தால், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகலாம். உறையில் எத்தனை டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறது என்று பார்த்து, ஐயமிருந்தால் மருந்துக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாசனை ஸ்ப்ரே டின்னை 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறும் இடத்தில் வைக்கக் கூடாது. நகப்பூச்சு எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, விளக்கு அருகே அதற்கு இடமில்லை. கலந்த தலைச்சாயத்தில் மிச்சமிருந்தால் மூடி வைக்காமல் கொட்டிவிட வேண்டும். உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்க வாய்ப்புண்டு.

கண்ணுக்கு இடும் பொருள்களில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். காய்ந்துவிட்டதென்று அதில் தண்ணீரோ எச்சிலோ தொடாதீர்கள். அக்காவும் தங்கையும் ஒரே மைக்குச்சியைப் பகிர்ந்துகொள்வதும் வேண்டாம். மெட்ராஸ் ஐ வந்த நாள்களில் பயன்படுத்திய மை, மஸ்காரா, தூரிகை எதுவானாலும், பாதிக்கு மேல் மிச்சமிருந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.