பள்ளி வழியாக லேப்டாப், இணையம்: புதிதாகத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசதி குறைந்த குடும்பங்களுக்குப் பள்ளிகள் வழியாக லேப்டாப்பும் இணையமும் கொண்டுசேர்க்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக இறங்கும் குழுக்கள் தங்கள் திட்டத்தை அனுப்பி, ‘ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்’ என்பார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இருக்காது. ஆனால் தொடக்கத்தில் எங்கள் குழு சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். சீரியல் நம்பரைக் குறித்து வைப்பது, சார்ஜரில் பெயர் ஒட்டுவது எல்லாம் யாருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

## ‘சேதமானால் பெற்றோரே பொறுப்பு’ என்று கையெழுத்து வாங்குவது

இன்றுவரை எனக்குக் கோபம் வரவழைப்பது இந்த ஒரு வரிதான். எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் படிவத்தைத்தான் புரட்டுகிறேன். அநேகமாக அது அங்கே இருக்கும்: தொலைந்தாலும் உடைந்தாலும் முழு விலையையும் பெற்றோர் கட்ட வேண்டும். எழுதியவர் ஏதோ ஒரு பழைய படிவத்திலிருந்து எடுத்துப் போட்டிருப்பார். கையெழுத்துப் போட வரும் அம்மாவோ, ஒரு மாத வருமானம் முழுவதையும் கொடுத்தாலும் அடைக்க முடியாத கடனாகத்தான் அதைப் பார்ப்பார்.

அப்புறம் நடப்பது இரண்டில் ஒன்று. சிலர் வேண்டாம் என்று திரும்பிப் போய்விடுவார்கள். பதிவேட்டில் ‘விருப்பமில்லை’ என்று ஏறிவிடும். மற்றவர்கள் வாங்கிப்போய்ப் பூட்டி வைப்பார்கள். அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியின் மேல்தட்டில், மடித்த துணிகளுக்கு அடியில் இருந்தது லேப்டாப். திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே தொழிற்சாலையில் வைத்த மெல்லிய தாளைக்கூட யாரும் எடுக்கவில்லை. அந்த வீட்டு மாணவி வீட்டுப்பாடக் கட்டுரையை அம்மாவின் விரிசல் விட்ட போனில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தாள். ‘சின்னவன் தட்டிவிட்டால் அந்தப் பணத்துக்கு நான் எங்கே போவது?’ என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அந்தப் படிவத்திலும் பதில் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பெருவில் நடந்த ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தைப் பற்றி இண்டர்-அமெரிக்க வளர்ச்சி வங்கி 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்ற முடிவைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பள்ளிகளில் இணையம் அநேகமாக இல்லவே இல்லை என்பதையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். யாரும் அதிகம் பேசாத இன்னொரு விஷயமும் அதில் உண்டு: பழுதானாலோ திருடு போனாலோ மாற்று கிடைக்காது என்ற பயத்தில், சில தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோகவே விடவில்லை.

பயத்தால் ஆபத்தும் வரும். ஒரு பையன் கொண்டுவந்த லேப்டாப்பில் டச்பேட் மேலெழும்பி, அடிமூடி ஓரமாகப் பிளந்திருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. பணம் கேட்பார்களோ என்று சொல்லாமல், அதே நிலையில் பல வாரமாகச் சார்ஜ் போட்டு வந்திருக்கிறான். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. அதைப் பார்த்தவுடன் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். தண்டனைக்குப் பயந்த பிள்ளை சொல்லாது.

‘பணம் கேட்காவிட்டால் பொறுப்பு எப்படி வரும்?’ என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். எங்களிடம் பழுதாகி வருபவற்றில் பெரும்பகுதி தளர்ந்த சார்ஜர் முனை, முறிந்த கீல், கீபோர்டின் மேல் பென்சிலை மறந்து மூடியதால் நொறுங்கிய திரை. யார் வீட்டிலும் நடப்பவை. எப்படி மூடுவது, எப்படித் தூக்குவது என்று கொடுக்கும் நாளிலேயே கையில் வைத்துக் காட்டினால் பாதி குறையும். மீதிக்குப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். நூறு லேப்டாப்புக்குப் பணம் இருந்தால் நூறையும் கொடுத்துவிடாமல், பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். பழுதானதைக் கொடுத்த பிள்ளை அன்றைக்கே வேறொன்றோடு வீட்டுக்குப் போக வேண்டும். ‘நூறு’ என்று சொல்லிக்கொள்ள நன்கொடையாளருக்கு ஆசையாக இருக்கும், பேசிப் புரியவையுங்கள். படிவத்தில் அந்த வரி இருந்த இடத்தில், ‘பழுதானால் உடனே பள்ளிக்குக் கொண்டு வாருங்கள், பணம் கேட்க மாட்டோம்’ என்று அச்சிடுங்கள். எழுதியதை மீறாதீர்கள்.

## இலவச இணையம் முடியும் தேதியைச் சொல்லாமல் விடுவது

சலுகை என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. அமெரிக்காவில் மாதம் 30 டாலர் வரை இணையக் கட்டணத்தில் கழித்துக்கொடுத்த அரசுத் திட்டத்தில் 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்திருந்தன. நிதி தீர்ந்ததால் 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் அது நின்றது. அவ்வளவு பெரிய திட்டத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு பள்ளியின் ஆறு மாத ஏற்பாடு எத்தனை நாள் ஓடும்? முடிவுத் தேதியை முதல் தாளிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். அதன்பின் கட்டணம் தானாகப் பிடிக்கப்படுமா, இணைப்பு தானாக நிற்குமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கேட்காத பில் ஒன்று வந்துவிட்டால், அந்தக் குடும்பம் பள்ளி சொல்லும் எதையும் மறுபடி நம்பாது.

## டேட்டா கணக்கைப் பெரியவர்களின் போனை வைத்துப் போடுவது

ஒரு மணி நேர வீடியோ வகுப்பு, படத்தின் தரத்தைப் பொறுத்து, 1 ஜிபியைத் தாண்டிவிடும். ஒரே ஹாட்ஸ்பாட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் மாதத்துக்கு உரியது வாரத்திலேயே தீரும். விண்டோஸ் அப்டேட்டும் பல ஜிபி சாப்பிடும். ஆகவே அப்டேட் எல்லாவற்றையும் பள்ளி வைஃபையில் முடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

## நன்கொடையாக வரும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்கள் இப்போது அதிகமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பராமரிக்க உங்களிடம் ஆள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆள் இல்லையென்றால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். குரோம்புக் (கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் லேப்டாப்) என்றால் அப்டேட் காலாவதித் தேதியைப் பாருங்கள். அது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடலுக்கு அடிப்படையான வன்பொருள் வடிவமைப்பு வெளியான காலத்திலிருந்து ஓடுவது.

## வீட்டுக்குப் போகும் லேப்டாப்பில் கேமராவைத் தூரத்திலிருந்து இயக்கும் வசதி

கூடாது. பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி மாவட்டம் இப்படி மாணவர்களை வீட்டுக்குள் படம்பிடித்த விவகாரம் 2010-இல் நீதிமன்றம் வரை போனது.

## விடுமுறைக்குத் திரும்ப வாங்கி வைப்பது

வாங்காதீர்கள். பள்ளியின் கம்ப்யூட்டர் அறை பூட்டியிருக்கும் மாதங்களில்தான் வீட்டில் அது அதிகம் தேவைப்படும்.

## ஆன்லைன் விண்ணப்பம்

இணையம் இல்லாதவர்களிடம் இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்வதை இன்னமும் பார்க்கிறேன். காகிதப் படிவத்தை வகுப்பாசிரியர் வழியாகக் கொடுங்கள். முகவரிச் சான்று, வருமானச் சான்று என்று அடுக்காதீர்கள். அடிக்கடி வீடு மாறும் குடும்பங்களிடம் அவை இருக்காது. பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தால் போதும்.