வாந்தி மருந்தும் கைக்குழந்தையின் இதயத் துடிப்பும்

செங்கோட்டையில் குழந்தைகள் வார்டு நர்ஸ் நான். கேரள எல்லையில் ஆரியங்காவுப் பக்கமிருந்து வரும் அம்மாக்களிடம் முதலில் கேட்பது, "மருந்து பாட்டில் எங்கே அக்கா?" வாந்திக்குக் கொடுக்கும் டாம்பெரிடோன் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 1 தான். மாற்றி ஊற்றினால் பத்து மடங்கு உள்ளே போய்விடும், இதயத் துடிப்பு குலையலாம். கூடவே எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

பிள்ளை பால் குடிக்காமல், வெளுத்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் மருந்தை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கேரளாவிலும் அதே எண்தான். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வசம்பு உரசி ஊற்றும் வேலையும் வேண்டாம்!

இங்கே உடனே ஈசிஜி. க்யூடி இடைவெளி, அதாவது இதயம் ஒருமுறை துடித்து அடுத்ததற்குத் தயாராகும் நேரம், நீண்டிருந்தால் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் பார்த்துச் சரிசெய்வோம். துடிப்பு தாறுமாறாக ஓடினால் டாக்டர் மெக்னீசியம் சல்பேட்டை நரம்பில் ஏற்றுவார். நாடியே இல்லையென்றால் நெஞ்சழுத்தம், இதயத்துக்கு மின் ஷாக்.

அப்புறம், பிள்ளை சிரித்துவிட்டது என்று மானிட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். மருந்து உடம்பைவிட்டு இறங்க நேரமாகும்.