எல்லைக்கு இருபுறமும் சரக்கு வைத்திருப்பவர்கள் தொழில் காப்பீட்டைச் சரிபார்க்கும் முறை

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் கடையும் தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பக்கத்தில் கிடங்குமாகக் கொப்பரை வியாபாரம் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்குப் பாலிசியைப் புதுப்பிப்பது பெரிய வேலையல்ல. அதில் எழுதியிருக்கும் தொகை, தீப்பிடித்த மறுநாள் போதுமா என்று கணக்கிடுவதுதான் வேலை. சென்ற முறை புதுப்பித்தபோது எங்கள் கடைக்கு நான் செய்ததையே வரிசையாக எழுதுகிறேன். பிரீமியம் கட்டும் வழி, ஏஜென்ட் தேடும் வழி ஆகியவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: எது அடங்கும், எது அடங்காது

ஓரிடத்திலுள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடி ரூபாய்க்குள் அடங்கும் தொழில்களுக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி நடைமுறையில் உள்ளது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் ஆகியவை இதில் அடங்கும். திருட்டு என்றால், இத்தகைய விபத்து நேர்ந்த 7 நாட்களுக்குள் அங்கே நடப்பது மட்டுமே அடங்கும். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனியாக ‘பர்க்ளரி’ பாலிசி வேண்டும். எல்லையிலுள்ள கோபாலபுரம் வழியாக லாரியில் போகும் சரக்குக்கு ‘மரைன்’ பாலிசி எடுக்க வேண்டும். கடலையே பார்க்காத லாரிக்கும் அதுதான் பெயர். ஈரம் போகாத கொப்பரை மூட்டைக்குள் தானாகவே சூடேறும் என்பதால், அவ்வாறு பிடிக்கும் தீயைப் பற்றிப் பாலிசி வாசகம் என்ன சொல்கிறது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

படி 2: முகவரி

கடையின் பஞ்சாயத்து லைசென்ஸ் மலையாளத்திலும், கிடங்கின் வரி ரசீது தமிழிலும், பாலிசி ஆங்கிலத்திலும் இருக்கும். கேரளத்தில் கட்டட எண் வார்டு எண்ணோடு சேர்ந்தே வருவதால், வார்டு மறுவரையறைக்குப் பிறகும் பழைய எண்ணே பாலிசியில் தங்கிவிடக்கூடும். ஆகவே இரண்டு இடத்துக்கும் சர்வே எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சரக்கு இரண்டு இடங்களுக்கும் மாறி மாறிப் போகுமானால், இரண்டு இடத்துச் சரக்குக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் காப்பீடு செய்யும் ‘ஃப்ளோட்டர்’ வசதி கேளுங்கள்.

படி 3: தொகை

பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசி இருக்கிறதே என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கடன் தொகையை ஒட்டி எடுக்கப்பட்டது. உங்கள் இருப்பின் மதிப்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கொப்பரை கிலோ 100 ரூபாய் விற்றபோது 10 டன்னுக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு எடுத்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2025இல் விலை 200 ரூபாயைத் தாண்டியது. கிடங்கில் ஒரு மூட்டைகூடக் கூடவில்லை. ஆனால் சரக்கின் மதிப்பு 20 லட்சம் ஆகிவிட்டது. இப்போது 5 லட்சம் ரூபாய்ச் சரக்கு எரிந்தால், 10 லட்சம் பாலிசியில் 5 லட்சம் தாராளமாகக் கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. பாதி மதிப்புக்கே காப்பீடு எடுத்ததால் மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்று கணக்கிட்டு இரண்டரை லட்சம்தான் தருவார்கள். மேற்சொன்ன பாலிசியில் 15 விழுக்காடு வரையிலான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஐம்பது விழுக்காடு குறைந்தால் அந்தச் சலுகை உதவாது.

இதற்கு நிறுவனத் தளங்களிலுள்ள கணிப்பான்கள் எனக்குப் பிடிப்பதில்லை; அவை பிரீமியத்தைச் சொல்லும், தேவையைச் சொல்லாது. எக்செலில் நான்கு பத்திகள் போதும்: மாதக் கடைசி இருப்பு, அன்றைய கொள்முதல் விலை, இரண்டையும் பெருக்கிய மதிப்பு, பாலிசித் தொகை. ஆண்டில் இருப்பு மிக அதிகமாக இருக்கும் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை அல்ல. விற்பனை விலையைப் போடாதீர்கள், இதில் லாபத்துக்குக் காப்பு இல்லை. ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரிவரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்த சரக்கு அழிந்தால் அந்த வரவைத் திருப்ப வேண்டும் என்பதால், வரியையும் சேர்த்தே மதிப்பிடுங்கள். கடைக் கணினியும் சேர்ந்து எரியலாம். எனவே கோப்பை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள்.

விலை நடுவில் ஏறினால் புதுப்பிக்கும் நாள்வரை காத்திராமல், கூடுதல் பிரீமியம் கட்டி, தொகையை உயர்த்தும் ‘எண்டார்ஸ்மென்ட்’ (பாலிசித் திருத்தம்) வாங்குங்கள். பணம் நிறுவனத்துக்குச் சேரும்முன் காப்பு தொடங்காது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு இதைச் சொல்கிறது.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு, ஆந்திரத்தின் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர், தறியிலுள்ள நூல் தம்முடையதல்ல, கூலிக்கு நெய்யக் கொடுத்தது என்று எழுதியிருந்தார். பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருந்தால், அதைப் பாலிசியில் வெளிப்படையாகக் குறிப்பிடச் செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை 2: எந்த மாநிலத்தில் முறையிடுவது என்று பலர் கேட்டுள்ளனர். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, தனிஉரிமையாளர்களும் குறுந்தொழில் செய்பவர்களும் கட்டணமின்றிக் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கேரளத்துக்குக் கொச்சி அலுவலகம், தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம்.